துறைமுகம் ஏன் காலியானது?

தம்பி, 1942 ஏப்ரல் 9இல் யப்பான் குண்டு போட்டபோது திருகோணமலைத் துறைமுகத்தில் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் குறைவாக இருந்ததையே, பிரித்தானியருக்கும் யப்பானுக்கும் இடையே இரகசிய ஒப்பந்தம் இருந்ததற்குச் சான்றாக உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு.

முதல்நாளே ரோந்து விமானம் யப்பானியக் கப்பற்படையைக் கண்டுவிட்டது. அதனால்தான் இரவோடிரவாகக் கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். அப்படிப் போனவைதான் ஹேர்மிஸ் விமானந்தாங்கியும் வம்பயர் நாசகாரிக் கப்பலும். மறுநாள் இரண்டையும் மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. ஹேர்மிஸில் மட்டும் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒப்பந்தம் போட்டவர்கள் சொந்த விமானந்தாங்கியை இப்படிப் பறிகொடுப்பார்களா?

துறைமுகமும் தப்பவில்லை. சாகெய்ங் என்ற சரக்குக் கப்பல் அங்கேயே தீப்பிடித்தது. துறைமுகத்தை அடுத்த சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்தது.

சீனக்குடாத் தேத்தண்ணிக் கடையில் ஒரு ஐயாவும் இதே கதையைச் சொன்னார். ஹேர்மிஸைப் பற்றிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதுவும் நாடகம்தான்” என்றார். சரி, அதற்குமேல் எந்த ஆதாரத்தைக் காட்டுவது? மட்டக்களப்புக்கு அப்பால் அந்தக் கப்பல் இன்றும் கடலடியில் கிடக்கிறது. சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள். செத்தவர்களை நாடகக்காரர் என்று சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பதிவைத் திருத்திவிடுங்கள்.