ஜானகி ஆதி நாகப்பன் தாதியாகப் போனவர் அல்ல

ஜானகி ஆதி நாகப்பனைப் பற்றிய ஒரு பதிவில் இரண்டு செய்திகள் தவறு: அவர் இருந்த ஜான்சி ராணிப் படை (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் படை) தாதியர் படை என்பதும், அமைச்சரின் மனைவி என்பதால் அவர் மலேசியாவில் செனட்டர் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்) ஆனார் என்பதும். சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகள் புதிர்ப் போட்டிக்கு இதையே மனப்பாடம் செய்துவிடக் கூடாது.

ஜான்சி ராணிப் படை ஒரு காலாட்படை. 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூர் வாட்டர்லூ சாலையில் பயிற்சி முகாம் திறந்தது. அணிவகுப்பு, துப்பாக்கி, பயோனெட், இரவு நடை எல்லாம் உண்டு. தாதியருக்குச் சாந்த் பீபி என்ற தனிப் பிரிவு இருந்தது. படையினரில் பலர் ரப்பர்த் தோட்டங்களில் பால் எடுத்த பெண்கள். தளபதி லட்சுமி ஒரு டாக்டர், ஜானகி அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிகிறது. படையினர் பர்மாவின் மேமியோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, இந்திய எல்லையில் இம்பால் போர்முனை சரிந்துகொண்டிருந்தது. காயம்பட்டவர்கள் குவிந்தார்கள், துப்பாக்கி பிடித்த கைகளே கட்டுப்போட்டன. அந்தப் பணி எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல, ஆனால் அதற்காக அவர்கள் சேரவில்லை.

போருக்குப் பின் இந்திய தேசிய காங்கிரஸின் மருத்துவக் குழுவில் ஜானகி சேர்ந்தார். ‘தாதி’ என்ற பட்டம் இதனாலும் ஒட்டியிருக்கலாம். 1946இல் ஜான் திவி ம.இ.கா.வை (மலாயா இந்தியர் காங்கிரஸ் கட்சியை) தொடங்கியபோது துணை நின்றார்; ஆதி நாகப்பனை மணந்தது அதற்குப் பிறகுதான். கணவர் 1976இல் மறைந்தார், இவர் செனட்டரானது அதன் பின்னர். இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது 2000இல் கிடைத்தது. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.