எந்த லெப்பர்டை வாங்குவது?

பழைய இத்தாலியப் படங்களின் ப்ளூ-ரே அட்டையில் ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ என்று போட்டிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். இதுதான் கடைசி, இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் தகுதி வேறு எந்தப் படத்துக்கு இருந்தாலும் சரி, அந்தக் காலத்து இத்தாலியப் படங்களுக்குக் கிடையாது. வருடக்கணக்காக இவற்றை வாங்கி அடுக்கிக்கொண்டிருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நல்ல டிஸ்க் என்றால் எனக்காக முடிவெடுக்காத டிஸ்க். இரண்டு ஒலித்தடம் இருக்கிறதா, இரண்டையும் கொடு. இரண்டு நீளம் இருக்கிறதா, இரண்டையும் போடு. எது வேண்டும் என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தியின் ‘தி லெப்பர்ட்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963ல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய படம். அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் வெளியிட்ட ப்ளூ-ரேயில் இத்தாலிய வடிவம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். தனி டிஸ்க்கில் 161 நிமிட அமெரிக்க வடிவமும் உண்டு. அது விஸ்கோந்தியே கைகழுவிய வடிவம், அதை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். நான் பார்க்கச் சொல்வேன். இளவரசர் சலினாவாக வரும் பர்ட் லங்காஸ்டர் படப்பிடிப்பில் ஆங்கிலத்தில்தான் பேசினார். இத்தாலிய வடிவத்தில் நீங்கள் கேட்கும் கம்பீரமான குரல் கொர்ராதோ கைப்பா என்ற டப்பிங் கலைஞருடையது. லங்காஸ்டரின் சொந்தக் குரல் வேண்டுமென்றால் வெட்டப்பட்ட அமெரிக்க வடிவத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே போனால் சுற்றியிருக்கும் சிசிலிக்காரர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் டப்பிங் பேசுவார்கள் (அந்த டப்பிங்கை மேற்பார்த்தவர் பின்னாளில் பெரிய இயக்குநரான சிட்னி பொலாக்). முழுசாக ஒன்று இரண்டிலுமே கிடையாது.

நடிகை கிளவுதியா கார்தினாலே கதை இன்னும் சுவாரசியம். ‘தி லெப்பர்ட்’, இயக்குநர் ஃபெலினியின் ‘8½’ இரண்டும் ஒரே வருடம் வந்தவை. இரண்டிலும் மாறி மாறி நடித்தார். லெப்பர்டில் அவருக்கு வேறொரு பெண் குரல் கொடுத்தார். கார்தினாலே துனிஸ் நகரில் பிறந்து பிரெஞ்சு பேசி வளர்ந்தவர், குரலும் கொஞ்சம் கரகரப்பு, அதனால் அதுவரை யாரும் அவருடைய குரலையே விடவில்லை. ஃபெலினிதான் இதுவே நன்றாக இருக்கிறது என்று ‘8½’ படத்தில் அவரைச் சொந்தக் குரலில் பேச வைத்தார். இரண்டு டிஸ்க்கையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்கள். அதே முகம், அதே வயது, பேச ஆரம்பித்ததும் இரண்டு பெண்கள். டப்பிங் குரலில் கதாநாயகிகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் ‘இத்தாலிய ஒலித்தடம்தான் அசல், ஆங்கிலத்தில் பார்ப்பது பாவம்’ என்று சண்டைக்கு வரும் உலக சினிமா அன்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். இத்தாலியில் பெரும்பாலும் ஒலியைப் பிறகுதான் சேர்த்தார்கள். படப்பிடிப்பில் அவரவர் அவரவர் மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஃபெலினி சில நடிகர்களை வசனத்துக்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லிவிடுவார்.

என் வழக்கம் இது: விஸ்கோந்திக்கு இத்தாலியன், செர்ஜியோ லியோனேவின் கௌபாய் படங்களுக்கு ஆங்கிலம். அவற்றின் நாயகன் க்ளின்ட் ஈஸ்ட்வுட்டின் உதடு அசைவது ஆங்கிலத்துக்கு. அதை விட்டுவிட்டு இத்தாலியனில் பார்ப்பதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. ஃபெலினியின் ‘லா ஸ்த்ராதா’வில் மட்டும் இன்னும் திண்டாட்டம்தான். ஆங்கிலத் தடத்தில் ஆந்தனி க்வின் அவராகவே பேசுகிறார், இத்தாலியத் தடத்தில் ஜூலியெத்தா மசீனா அவராகவே பேசுகிறார். ஒருவருக்காக இன்னொருவரை இழக்க வேண்டும். மசீனா பக்கம் சாய்ந்துவிட்டேன்.

லியோனே என்றதும் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’யைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஓடிய 161 நிமிடப் படத்தை 2003ல் 179 நிமிடமாக நீட்டினார்கள். இத்தாலிய வடிவத்தில் மட்டும் இருந்த காட்சிகளைச் சேர்த்தபோது அவற்றுக்கு ஆங்கில வசன ஒலி இல்லை. எழுபதைத் தாண்டிய ஈஸ்ட்வுட்டையும் எண்பதைத் தாண்டிய ஈலை வாலக்கையும் உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். லீ வான் க்ளீஃப் 1989லேயே இறந்துவிட்டதால் அவர் மாதிரி பேச வேறொருவர். குதிரையில் போய்க்கொண்டிருக்கும் முப்பத்தைந்து வயது ஈஸ்ட்வுட் வாயைத் திறந்ததும் ஒரு தாத்தா பேசுவார். அடுத்த காட்சியில் திரும்ப இளைஞர் ஆகிவிடுவார். அப்புறம் குகையில் டூக்கோ (வாலக்கின் பாத்திரம்) ஆள் சேர்க்கும் காட்சி ஒன்று. ரோமில் முதல் காட்சி முடிந்ததும் லியோனேவே வெட்டி எறிந்தது அது, அதையும் உள்ளே ஒட்டிவிட்டார்கள். சேர்த்ததுகூடப் போகட்டும். வந்த ப்ளூ-ரேக்களில் பல வருடம் இந்த நீண்ட வடிவம் மட்டுமே இருந்தது. 2017ல் கினோ லோர்பர் நிறுவனம் பழைய நீளத்தையும் சேர்த்துப் போட்ட பிறகுதான், 1960களில் உலகம் பார்த்த படத்தை ப்ளூ-ரேயில் பார்க்க முடிந்தது.

நிறம் அடுத்த தலைவலி. பொலோன்யா நகரத்து லிம்மாஜினே ரித்ரொவாத்தா லேப் செய்திருக்கும் புதுப்பிப்பு வேலைகள் பெரிய சேவை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அங்கிருந்து வரும் பல படங்களில் எல்லாமே ஒரு மஞ்சள் பூச்சோடு இருக்கிறது என்ற புகார் சேகரிப்பாளர்களிடம் ரொம்ப நாளாக உண்டு, எனக்கும் உண்டு. வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருக்க வேண்டாமா? ஆனால் சட்டையை வைத்து எல்லாப் படத்தையும் எடைபோட முடியாது. அந்தோனியோனியின் ‘ரெட் டெசர்ட்’ (1964) எடுத்தபோது ராவென்னாவின் ஆலைப் பகுதியில் புல்லுக்கும் மரத்துக்கும் பெயின்ட் அடித்தார்கள். தெருவில் நிற்கும் தள்ளுவண்டிப் பழங்களுக்குக்கூடச் சாம்பல் நிறம் பூசினார்கள். பழம் பழ நிறத்தில் இல்லையே என்று அந்த டிஸ்க்கைக் குறை சொல்ல முடியுமா? சரியாக இருக்கிறதா என்று கேட்க அந்தோனியோனியும் இல்லை, ஒளிப்பதிவாளர் கார்லோ தி பால்மாவும் இல்லை.

சம்பந்தப்பட்டவரே உயிரோடு இருந்து மேற்பார்வை செய்தால் பிரச்சினை தீருமா? லெப்பர்டுக்குத் தீர்ந்தது. ஒளிப்பதிவாளர் ஜுசெப்பே ரொத்துன்னோ மேற்பார்வையில் வந்த அந்தப் பிரதியில், பலெர்மோ அரண்மனை நடன விருந்தின் முக்கால் மணி நேரமும் மெழுகுவத்தி வெளிச்சம், வியர்த்த முகங்கள், பட்டுத் துணி எல்லாம் அப்படியே நிற்கின்றன. இன்னொரு ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்தொராரோ விஷயம் நேர்மாறு. சினிமாவும் டிவியும் இனிமேல் 2:1 அகலத்தில்தான் (உயரத்தைப் போல் இரண்டு மடங்கு) இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். அதைத் தான் ஒளிப்பதிவு செய்த பழைய படங்களின் மேலும் ஏற்றினார். பெர்தொலூச்சியின் ‘தி லாஸ்ட் எம்பரர்’ 2008ல் கிரைட்டீரியனில் அப்படித்தான் பக்கவாட்டில் குறுகி வந்தது. இயக்குநர் ஆர்ஜென்தோவின் முதல் படத்தையும் 2011ல் ஆரோ நிறுவனம் அப்படியே போட்டது, பிறகு வந்த பதிப்பில் முழு அகலத்துக்குத் திரும்பியது. எடுத்தவரே சொன்னாலும், தியேட்டரில் ஓடிய படத்தின் ஓரத்தை வெட்டக் கூடாது என்பது என் கட்சி.

வாங்குகிற விஷயத்துக்கு வருவோம். பல ப்ளூ-ரே டிஸ்க்குகள் அந்தந்த மண்டலத்துப் பிளேயரில்தான் ஓடும். அந்த மண்டலக் கணக்கில் இந்தியா ‘சி’. அமெரிக்க டிஸ்க் ‘ஏ’, ஐரோப்பாவிலிருந்து வருவது ‘பி’. நமக்கு வேண்டிய படங்கள் அநேகமாக இந்த இரண்டில்தான் இருக்கும். ஆக, எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இல்லாமல் இந்தப் பொழுதுபோக்கில் இறங்காதீர்கள். 4கே டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு இல்லை, அது பெரிய நிம்மதி. இத்தாலியிலிருந்தே நேரடியாக வரவழைக்கலாம் என்று தோன்றும். அங்கே சிஜி என்டர்டெயின்மென்ட் ரசிகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டி, வேறெங்கும் கிடைக்காத படங்களையெல்லாம் வெளியிடுகிறது. ஆனால் ஆங்கில சப்டைட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள், பல இத்தாலிய டிஸ்க்குகளில் இருக்காது.

உள்ளே வரும் கையேட்டையும் பேட்டிகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். இயக்குநர் ரோசெல்லினி ‘ரோம் ஓபன் சிட்டி’யை (1945) அங்கங்கே பொறுக்கிய துண்டு ஃபிலிம்களில் எடுத்தார் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். 1990களில் புதுப்பித்தபோது பார்த்தால் நெகட்டிவில் இருந்தது மூன்றே வகை ஃபிலிம்: வெளிப்புறத்துக்கு ஃபெரானியா, உள்ளே எடுக்க இரண்டு வகை ஆக்ஃபா. வெளிச்சம் ஏறி இறங்குவது சரியாகக் கழுவாததால். இந்த மாதிரி விஷயம் ஓடிடியில் படத்தோடு வராது.

முதலில் எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: லெப்பர்டின் கிரைட்டீரியன் பதிப்பு, ரோசெல்லினியின் மூன்று போர்ப் படங்கள் அடங்கிய பெட்டி, அப்புறம் கையில் காசு இருந்தால் 2020ல் ஃபெலினி நூற்றாண்டுக்கு வந்த ‘எசென்ஷியல் ஃபெலினி’. அதில் 14 படங்கள், 15 டிஸ்க். பெட்டியின் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். ‘காஸநோவா’ அதில் இல்லை, ‘சிட்டி ஆஃப் விமன்’ இல்லை, ‘ஜிஞ்சர் அண்ட் ஃப்ரெட்’ இல்லை. அவற்றைத் தனியாகத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். காஸநோவாவாக நடித்தவர் டொனால்ட் சதர்லேண்ட், இத்தாலியத் தடத்தில் பேசுவது இன்னொருவர். அதை வாங்கும்போது எத்தனை ஒலித்தடம் என்று அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.