பைஎன்வியும் ஒரு பின்னேரமும்

மாங்குளத்தில இருந்து பைதன் எண்ட நிரல் மொழியிட 3.12 வேர்சனைப் போடுறதெண்டால் முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சிட்டுத்தான் தொடங்கோணும் போல. பைஎன்வி (pyenv) எண்டது பைதன் வேர்சன்களைப் போட்டு மாத்திற கருவி. அது லினக்ஸில ஆயத்தமாய்க் கட்டின பைதனைத் தராது. சோர்ஸ் கோட்டை இறக்கி எங்கட மெசினிலயே கொம்பைல் பண்ணும், அதாவது ஓடக்கூடிய புரோகிராமாய்க் கட்டும். பற்றரி செத்த லப்டொப், ஃபான் கத்துது. நடுவில கறண்ட் போனால் திரும்ப முதலில இருந்து.

சரி, அதைப் பொறுக்கலாம். உபுண்டு லினக்ஸில லிப்எஸ்எஸ்எல்-டெவ் (libssl-dev) எண்ட பொதி, அதாவது பாதுகாப்பான இணைய இணைப்புக்கான எஸ்எஸ்எல் பகுதியைக் கட்டத் தேவையானது, இல்லையெண்டால், அவ்வளவு நேரமும் அரைச்சுப்போட்டுக் கடைசியிலதான் எஸ்எஸ்எல் இல்லையெண்டு சொல்லும். கோதாரி, தொடங்கேக்கையே கேட்டால் என்ன குறைஞ்சு போகும்? எஸ்கியூலைட் (SQLite) எண்ட சின்னத் தரவுத்தள நூலகம் இல்லாட்டி இன்னும் மோசம். ஒரு எச்சரிக்கை வரியைப் போட்டிட்டு "இன்ஸ்டோல் ஆச்சு" எண்டிடும். அதை நிரலுக்குள்ள இம்போர்ட் பண்ணேக்கைதான் வண்டவாளம் தெரியும்.

எல்லாம் முடிஞ்சு பைதன்3 வேர்சனைக் கேட்டால் பழைய சிஸ்டம் பைதன்தான் பல்லை இளிக்குது. டெர்மினல் திறக்கேக்கை வாசிக்கிற பாஷ்ஆர்சி (.bashrc) ஃபைலில, பைஎன்வி எங்க இருக்கெண்டு சொல்லுற பாத் வரி ஏறேல்லையாம். அதை பைஎன்வி இன்ஸ்டோலரே போடக்கூடாதோ? போடாது. "நீங்களே போடுங்கோ" எண்டு திரையில ஒரு பந்தி எழுதிக் காட்டும். இதுக்குள்ள டேட்டாவும் முடிஞ்சுது. இனி ரீலோட் போட்டிட்டுத்தான் பிப் (pip) வைச்சு பைதன் பொதிகளை இறக்கலாம்.