தம்பிமார் பக்கம் யார் பேசுவது?

அரண்மனைச் சூழ்ச்சிக் கதை என்று பேச்சு எடுத்தாலே நம் ஆட்களுக்குச் சோழ நாடுதான் நினைவுக்கு வருகிறது. சோழர் கதைகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, நானும் அதில்தான் படிக்கத் தொடங்கினேன். ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே, தக்கலைக்குப் பக்கத்தில், திருவிதாங்கூர் பட்டத்துச் சண்டைக் கதை நடந்த பத்மநாபபுரம் கொட்டாரம் (அரண்மனை) கூரையும் தூணும் முற்றமுமாக இன்னும் நிற்கிறது. அந்தக் கதையை வைத்து ஒரு பெரிய நாவலும் இருக்கிறது, அதே கதையைத் தலைகீழாகச் சொல்லும் ஒரு வில்லுப்பாட்டும் இருக்கிறது. இப்படி இரண்டு பக்கமும் சேர்ந்து கிடைக்கும் அரண்மனைக் கதை வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தமிழில் படிப்பவர்கள் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நாவல், சி.வி. ராமன் பிள்ளை மலையாளத்தில் எழுதிய ‘மார்த்தாண்ட வர்மா’. 1891-ல் வந்தது, மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்வார்கள். தமிழிலும் மொழிபெயர்ப்பு உண்டு. திருவிதாங்கூர் (அப்போது வேணாடு) அரசர் ராம வர்மா நோய்வாய்ப்பட்டுக் கிடக்கிறார், அடுத்து யார் என்பதுதான் கதை. முறைப்படி பட்டம் மருமகன் மார்த்தாண்ட வர்மாவுக்கு. எதிரில் நிற்பவர்கள் அரசரின் சொந்த மகன்கள், பத்மநாபன் தம்பியும் ராமன் தம்பியும். அவர்களுக்குத் துணை எட்டுவீட்டில் பிள்ளைமார், அதாவது எட்டு வீடுகளைச் சேர்ந்த பலம்வாய்ந்த நிலப்பிரபுக்கள்.

இங்கே தமிழ் வாசகர் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் நமக்கு இயல்பாக வருவது மகன் பக்கம் சாய்வதுதான். அப்பன் சொத்து மகனுக்கு, இதில் என்ன கேள்வி? ஆனால் அங்கே மருமக்கத்தாயம். அரசனுக்குப் பின் அவன் சகோதரியின் மகன்தான் அரசன். அரசனின் மனைவிக்கு ராணி என்ற தகுதியே கிடையாது, அவர் அம்மச்சி. ராணி என்றால் ஆற்றிங்கல் வழியில் வரும் அரசகுலப் பெண்கள்தான். அரசனின் பிள்ளைகள் தம்பி, தங்கச்சி என்று பட்டம் வாங்கிக்கொண்டு, வீடும் நிலமும் பெற்று, கொட்டாரத்துக்கு வெளியே கௌரவமாக வாழ்ந்துவிட்டுப் போக வேண்டியவர்கள். தகப்பன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சிம்மாசனத்தைத் தொடும் உரிமை பிறக்கும்போதே இல்லை. இந்த முறை அரச குடும்பத்தோடு நின்றதும் இல்லை. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளிலும் மருமக்கள்வழி இருந்து, அது குடும்பங்களுக்குள் மூட்டிய சண்டையை வைத்துக் கவிமணி ஒரு தனி நூலே பாடினார். அதைப் படித்தவர்களுக்குத் தம்பிமார் மனசு எப்படி எரிந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

சரி, நாவலுக்கு வருகிறேன். சி.வி. சூழ்ச்சி எழுதும் திறமைக்கு ஈடு சொல்வது கஷ்டம். சாரோட்டுக் கொட்டாரத்தில் இளவரசரைக் கொல்ல ஆட்கள் வருவது, அவர் தப்பி மாங்கோயிக்கல் குறுப்பு வீட்டில் தஞ்சம் புகுவது, பிள்ளைமார் ஒன்றுகூடி ரகசியமாக முடிவெடுப்பது, அந்த ரகசியம் சுபத்திரை என்ற பெண் வழியாகக் கசிவது, எல்லாம் இன்றைக்கும் மூச்சுப் பிடித்துப் படிக்க வைக்கிறது. சுபத்திரைக்காகவே இந்த நாவலை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம். பொதுவாக இந்த மாதிரிக் கதைகளில் பெண் என்றால் விஷம் வைப்பவள், இல்லையென்றால் ஜன்னலில் நின்று காத்திருப்பவள். சுபத்திரை அப்படியல்ல. எல்லா ஆண்களையும்விடத் தெளிவாக யோசிக்கிறாள், இளவரசரைக் காப்பாற்றுகிறாள், கடைசியில் எட்டுவீட்டாரில் ஒருவரான குடமண் பிள்ளை கையாலேயே வெட்டுப்பட்டுச் சாகிறாள். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு உடனே அடுத்த வேலைக்குப் போக என்னால் முடியவில்லை.

என் குறை பத்மநாபன் தம்பியைப் பற்றியது. நாவலில் அவர் பெண்பித்தர், பேராசைக்காரர், மற்றவர்கள் ஆட்டுவிக்க ஆடுபவர். அவர் கேட்பதில் ஒரு துளி நியாயம் இருக்கலாம் என்று நினைக்க நாவல் நமக்கு இடமே தருவதில்லை. சி.வி.யைப் புரிந்துகொள்ள முடிகிறது. திருவிதாங்கூர் ராஜ்யம் உயிரோடு இருந்த காலத்தில், அதே வம்சத்தின் ஆட்சியில் வாழ்ந்துகொண்டு எழுதியவர் அவர். அந்த வம்சத்தைப் பெரிதாக்கிய மனிதரின் கதையை வேறு பக்கத்திலிருந்து எழுதுவது சுலபமாக இருந்திருக்காது. ஆனால் வாசகருக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லையே.

அங்கேதான் வில்லுப்பாட்டு வருகிறது. ‘வலியதம்பி குஞ்சுதம்பி கதை’ என்று தென் திருவிதாங்கூர்ப் பகுதியில் பாடப்பட்டது, அச்சிலும் வந்திருக்கிறது. நாவலில் வில்லன்களாக வரும் அதே இரண்டு பேர்தான் இதில் நாயகர்கள். இந்தப் பாட்டில் பகைக்குக் காரணம் ஒரு கல்யாணப் பேச்சு. மார்த்தாண்ட வர்மா தம்பிமாரின் தங்கையைக் கேட்கிறார், தங்கைக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் கட்டுவதானால் தருகிறோம் என்கிறார்கள் அண்ணன்மார், அது முறையில்லை என்று அவர் மறுக்கிறார், பகை மூளுகிறது. இந்த ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள். எங்களுக்குக் கொடு என்று அவர்கள் கேட்கவில்லை. தங்களுக்கு நடந்தது தங்கை பிள்ளைக்காவது நடக்கக் கூடாது என்கிறார்கள். இது வரலாற்றில் அப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம், பாட்டு கட்டியவர்களுக்குத் தம்பிமாரின் வலி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

1729-ல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்த பிறகு தம்பிமார் இருவரும் நாகர்கோவில் கொட்டாரத்தில் கொல்லப்பட்டார்கள். இதில் இரண்டு தரப்புக்கும் சண்டையில்லை. எப்படி என்பதில்தான் சண்டை. திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள், தம்பி வாளோடு அரசர் மேல் பாய்ந்தார், அரசர் தற்காப்புக்காகக் குத்தினார் என்கின்றன. பாட்டோ, அழைத்து வரவைத்து வஞ்சகமாகக் கொன்றார்கள் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றியது, அந்த அறையிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர் சொன்னதுதான் புத்தகத்துக்குப் போயிருக்கிறது என்பது. தென்குமரியிலும் திருநெல்வேலிப் பக்கமும் இப்படி அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்தவர்களுக்குப் பீடம் எழுப்பிக் கொடை (கோவில் விழா) கொடுப்பதும், கொடையில் அவர்கள் கதையை வில்லில் பாடுவதும் வழக்கம். அரசாங்கம் துரோகி என்று எழுதி வைத்த ஆளுக்காகப் பாடிய ஊர்களை எனக்கு நிறையப் பிடிக்கிறது.

எட்டுவீட்டுப் பிள்ளைமார் விஷயத்திலும் இதே கதைதான். கழக்கூட்டம், ராமனாமடம், செம்பழந்தி, குடமண், வெங்ஙானூர், மார்த்தாண்டம், பள்ளிச்சல், கொளத்தூர் என்று எட்டு வீடு. நாவலில் இவர்கள் இருட்டில் கூடும் சதிகாரர்கள். வெளியே வந்து பார்த்தால் இவர்களுடைய பலம் பத்மநாபசுவாமி கோவில் நிலங்களில் இருந்தது. கோவில் நிர்வாகத்துக்கு எட்டரை யோகம் என்று ஒரு சபை, அதில் எட்டுப் பேருக்கு முழு ஓட்டு, அரசனுக்கு அரை ஓட்டு! அந்த அரை ஓட்டு அரசன்தான் பிள்ளைமாரை ஒடுக்கி, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரை மீனவர்களிடம் கொடுத்து, வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார் என்று சொல்கிறார்கள். அப்புறம் 1750-ல் அதே கோவில் சுவாமிக்கு ராஜ்யம் முழுவதையும் எழுதிக்கொடுத்துவிட்டு, பத்மநாபதாசன் என்ற பெயரில் ஆண்டார். எட்டு வீட்டார் செய்த சதிகள் என்று சொல்லப்படுபவற்றில் எவ்வளவு பின்னாளில் சேர்ந்தது என்று ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு. ஆனால் கோவில் வருமானம் யார் கையில் என்ற சண்டையை வைத்துப் பார்த்தால் நாவலின் மர்மங்களில் பாதி தானாகத் தெளிகிறது.

மார்த்தாண்ட வர்மாவைச் சின்னவராக்க நான் இதைச் சொல்லவில்லை. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தவர். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயைத் தன் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்தவர், டிலனாயின் கல்லறை இன்றும் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. மார்த்தாண்ட வர்மாவின் குடும்பத்துக்கும் ஆபத்து நிஜமாகவே இருந்தது. 1728-ல் ராணியும் குழந்தை இளவரசரும் போன வழியில் கழக்கூட்டத்துப் பிள்ளையின் ஆட்கள் மறித்தபோது, கிளிமானூர்க் கோயில் தம்புரான் (அரசகுலப் பெண்களை மணக்கும் குடும்பத்தவர்) அவர்களை வேறு பக்கம் அனுப்பிவிட்டுத் தானே பல்லக்கில் ஏறிப் போய்ச் சண்டையிட்டுச் செத்தார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இப்படிப்பட்ட பயத்தில் இருபது வயதைக் கடந்த ஒருவர் அரசரான பிறகு இரக்கம் காட்டவில்லை என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டு பக்கத்து பயத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படிக்கும்போதுதான் கதை பெரிதாகிறது என்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாவலில் இளவரசரைத் திரும்பத் திரும்பக் காப்பாற்றுவது ஒரு பைத்தியக்கார நாடார். கடைசியில் பார்த்தால் அவர் வேடம் போட்ட அனந்தபத்மநாபன், உயர்குடிப் பிள்ளை. குமரி மாவட்டத்தில் வேறு ஒரு மரபு இருக்கிறது. தச்சன்விளை அனந்தபத்மநாபன் நாடார் என்ற களரி ஆசான் ஒருவர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் நின்று அவர் உயிரைக் காத்தார் என்று சொல்வார்கள். இதில் வாதங்கள் உண்டு, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் பனையேறும் சாதியில் ஒரு வீரன் என்று வரும்போது அவன் உள்ளே வேறு சாதியாக இருந்தே தீர வேண்டும் என்ற இடத்துக்கு நாவல் போனது எனக்குக் கசக்கிறது. நாவலை நேசிப்பவன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன்.

சி.வி.க்கும் இந்தக் கதை முடியவில்லை என்று தெரிந்திருக்கிறது. 1913-ல் ‘தர்மராஜா’ எழுதியபோது, தண்டிக்கப்பட்ட எட்டுவீட்டாரின் வாரிசுகள் அடுத்த அரசரைப் பழிவாங்க வருவதைத்தான் கதையாக எடுத்தார். முதல் நாவலில் இருளாக மட்டும் இருந்த பக்கத்துக்கு இரண்டாவதில் ஒரு முகம் கிடைக்கிறது. என் கணக்கில் ‘தர்மராஜா’தான் பெரிய படைப்பு, படிக்கக் கடினமானதும் அதுதான்.

படிக்க நினைப்பவர்கள் முதலில் ‘மார்த்தாண்ட வர்மா’வைப் படியுங்கள், வேகமாகப் போகும். அடுத்து தம்பிமார் பாட்டு. முடிந்தால் அப்புறம் ஒருநாள் பத்மநாபபுரம் போய் மந்திரசாலையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், அரசர் ஆலோசனை நடத்திய இடம், முட்டை வெள்ளையும் சிரட்டைக் கரியும் சேர்த்து மெழுகிய தரை இன்னும் பளபளக்கும். இடம் தமிழ்நாட்டில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி: இந்தப் பாட்டை இன்றைக்கும் முழுதாகப் பாடும் வில்லிசைக் குழு ஏதாவது உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிறதா? எந்தக் கோவில் கொடையில் பாடுகிறார்கள்? ஒலிப்பதிவு வைத்திருப்பவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள், நேரில் வந்து கேட்கத் தயார்.