அந்தச் சட்டைகள் 'ட்ரூரோ' கப்பலில் வந்தவர்களுக்கானவை அல்ல

கொடியில் காயும் சேறு படிந்த சட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். "1860-ல் கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர்களின் பெயர்கள் இவை; செய்தவர் ஓர் இந்தியப் பெண் ஓவியர்" என்ற குறிப்போடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் அந்தப் படம் சுற்றுகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் சித்தியும் அனுப்பினார்.

தகவல் தவறு. இது தென்னாப்பிரிக்கக் கலைஞர் சூ வில்லியம்சன் 2018-ல் கொச்சி பினாலே கலைக் கண்காட்சியில் வைத்த '119 விற்பனைப் பத்திரங்கள்' என்ற நிர்மாணக் கலைப்படைப்பு. அந்தப் பெயர்கள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்தியாவிலிருந்து கேப் டவுனுக்குக் கொண்டுபோய் விற்கப்பட்ட அடிமைகளுடையவை. நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் ஏறி, 1860 நவம்பர் 16-ல் டர்பன் இருக்கும் நேட்டாலில் இறங்கினார்கள். அதற்கு ஏறக்குறைய இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1834-ல், கேப் டவுன் இருந்த கேப் காலனியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்துவிட்டது.

சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளைப் பிடித்துப் போனார்கள் என்பது உண்மைதான். அதனால் சித்தியின் கண்ணீரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர் வேறு, பத்திரம் எழுதி விற்கப்பட்டவர் வேறு.

"இந்தியப் பெண் ஓவியர்" என்பதும் சரியில்லை. வில்லியம்சன் 1941-ல் இங்கிலாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே தென்னாப்பிரிக்கா வந்தவர். 1981-ல், நிறவெறி அரசு மக்களை வெளியேற்றிய கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியில் இடித்த வீடுகளின் இடிபாடுகளையே கொண்டுவந்து காட்சியாக வைத்தார். எழுத்தாளரும்கூட: நிறவெறிக் காலத்து எதிர்ப்புக் கலை பற்றிய அவருடைய நூல் 1989-ல், தடைகள் நீங்குவதற்கு முன்பே வந்துவிட்டது.

சித்திக்கு இதையே அனுப்பினேன். "சரி, ஆனா படம் நல்லாத்தானே இருக்கு?" என்றார்.