கோடோ இலவசம்தான், மாறுவது இலவசமில்லை

2023 செப்டம்பர் 12-ல், கேம் செய்ய உதவும் மென்பொருளான (கேம் என்ஜின்) யூனிட்டியை நடத்தும் நிறுவனம் 'ரன்டைம் கட்டணம்' அறிவித்தபோது கேம் செய்கிறவர்கள் கொதித்துப்போனார்கள். வருமானமும் இன்ஸ்டாலும் ஒரு வரம்பைத் தாண்டினால், அதற்குமேல் ஒவ்வொரு புது இன்ஸ்டாலுக்கும் காசு. டெராரியா கேமை உருவாக்கிய ரீலாஜிக் அடுத்த வாரமே, யூனிட்டிக்கு மாற்றாக இருக்கும் இலவச ஓபன் சோர்ஸ் என்ஜினான கோடோவுக்கு ஒரு லட்சம் டாலர் நன்கொடை அறிவித்தது. ஸ்லே தி ஸ்பையர் கேமைச் செய்த குழு, இரண்டு வருடத்துக்கும் மேல் உழைத்த புது கேமை கோடோவுக்கே கொண்டுபோனது. சரியாக ஒரு வருடத்தில் யூனிட்டி அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. கோபப்பட்டவர்களில் பலர் இன்னும் யூனிட்டியில்தான் இருக்கிறார்கள்.

"கோடோ இன்னும் வளரவில்லை" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். புரொட்டாட்டோ, டோம் கீப்பர் எல்லாம் அதில் செய்து, விற்றுக் காட்டிய கேம்கள். பைத்தான் தெரிந்தவருக்கு கோடோவின் சொந்த நிரல்மொழியான ஜிடிஸ்கிரிப்ட் சீக்கிரமே பிடிபடும்.

தடை என்ஜினுக்கு வெளியே இருக்கிறது. சோனி, நின்டெண்டோ கன்சோல்களுக்கான டெவலப்மென்ட் கருவிகளை ரகசிய ஒப்பந்தம் போட்டவருக்குத்தான் தருவார்கள். எல்லோரும் பார்க்கும் ஓபன் சோர்ஸ் கோடில் அதைச் சேர்க்கவே முடியாது. அதனால் கன்சோலுக்குப் போக, டபிள்யூ4 கேம்ஸ் போன்ற வெளி நிறுவனத்தின் துணை வேண்டும்.

மொபைலில் சிக்கல் வேறு. விளம்பரம்தான் சின்ன ஸ்டுடியோவின் சோறு. கூகுளின் ஆட்மாப் போன்ற விளம்பரச் சேவைகள் யூனிட்டிக்கு அதிகாரப்பூர்வ பிளகின் (என்ஜினோடு சேர்க்கும் துணை நிரல்) தருகின்றன. கோடோவுக்கு அதைத் தன்னார்வலர்கள் எழுதிப் பராமரிக்கிறார்கள். கோடோ 3-லிருந்து 4-க்கு மாறியபோது பழைய பிளகின்களைத் திருத்தி எழுதவேண்டி வந்தது. சி ஷார்ப் மொழியில் எழுதுகிறவர்களுக்கு 3-ல் இருந்த வெப் எக்ஸ்போர்ட் (கேமை பிரவுசரில் ஓடவைக்கும் வசதி) 4.0-வில் இல்லாமலே போனது. சம்பளம் போட வேண்டிய முதலாளி இதைப் பார்த்துப் பின்வாங்குவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இதையெல்லாம்விடப் பெரிய தடை வேலைவாய்ப்புதான். ஸ்டுடியோ யூனிட்டி தெரிந்தவரைக் கேட்கிறது, அதனால் பயிற்சி மையம் யூனிட்டியைச் சொல்லித்தருகிறது. யூனிட்டி தெரிந்தவர்களே கிடைப்பதால் ஸ்டுடியோ திரும்பவும் அதையே கேட்கிறது.

தமிழில் கேம் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். யூனிட்டியில் எழுத்தைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் 'கொ' என்று போட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். கோடோ 4, எழுத்துகளைச் சரியான வடிவில் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலைப் பயன்படுத்துவதால் எழுத்து ஒழுங்காக வருகிறது. எனக்கு இது சின்ன விஷயமே இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் கேமை யாரும் மாற்ற வேண்டாம். அடுத்த சின்ன கேமை, கன்சோலும் விளம்பரமும் தேவைப்படாத ஒரு பிசி கேமை, கோடோவில் செய்து பாருங்கள். ஆள் எடுக்கும்போது "யூனிட்டி அல்லது கோடோ" என்று போடுங்கள்.