கறுப்புப் பட்டை உங்களை என்ன செய்தது?

'த பிக் கண்ட்ரி' படத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 1958இல் வில்லியம் வைலர் எடுத்த வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படம். டெரில், ஹன்னஸி என்று இரண்டு குடும்பங்கள், மாடுகளுக்குத் தண்ணீர் தரும் ஓர் ஆறு, அதை வைத்துத் தீராத பகை. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். ஞாயிறு மதியத்தை அதற்கென்றே ஒதுக்கி ஓடிடியில் போட்டு உட்கார்ந்தால், படம் மேலும் கீழும் இடமே விடாமல் டிவியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அப்போதே வயிற்றைக் கலக்கியது.

அது அகலமான படம் ஐயா! ஃபிலிமைப் படுக்கைவாட்டில் ஓட்டி எடுக்கும் டெக்னிராமா. உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலம். நம் வீட்டு டிவியோ 1.78 மடங்குதான். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தே ஆக வேண்டும். விழவில்லை என்றால், இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கால்வாசிப் படத்தை எவனோ நறுக்கிவிட்டான் என்று அர்த்தம். சந்தாவை மட்டும் முழுசாக வாங்கத் தெரிகிறது.

கிரிகரி பெக்கும் சார்ல்டன் ஹெஸ்டனும் விடியுமுன் வெட்டவெளியில் மோதிக்கொள்வார்களே, அந்தச் சண்டையைச் சொல்கிறேன். கைதட்ட ஒரு ஆள் கிடையாது. கேமரா விலகி எங்கேயோ போய் நின்றுகொள்ளும். அவ்வளவு பெரிய நட்சத்திரங்கள் இரண்டு எறும்பாகத் தெரிவார்கள். இந்த நிலத்துக்கு முன்னால் உங்கள் வீராப்பு எம்மாத்திரம் என்று வைலர் ஒரு வசனம் இல்லாமல் கேட்கிற இடம் அது. ஓரத்தை வெட்டியதும் ஆட்கள் பெரிதாகி, நிலம் சுருங்கி, வெறும் அடிதடியாகப் போய்விட்டது.

டிவி தன் பங்குக்கு விடுமா? நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததற்கு நடுநடுவே தானாக ஃபிரேம் செருகி, அசைவையெல்லாம் வழவழவென்று ஆக்கி, பெக்கை மெகா சீரியல் மாப்பிள்ளை ஆக்கிவைத்திருக்கிறது. செட்டிங்கில் அதைத் தேடி அணைப்பதற்குள், கோச் வண்டிச் சக்கரங்கள் சுழலும் சால் பாஸ் வடிவமைத்த தலைப்புக் காட்சி ஓடிவிட்டது. அதையும் தாண்டிப் போக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்.

அப்புறம் விளம்பரம். டெரில் குடும்பத்துப் பெரியவர் மேஜர் டெரில் தன்னந்தனியாக ஹன்னஸிகளின் பள்ளத்தாக்குக்குள் குதிரையை விடுகிறார். வர மாட்டேன் என்ற அவருடைய கையாள் ஹெஸ்டன் மனசு கேட்காமல் பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்கிறார். ஜெரோம் மோராஸின் இசை ஏறுகிறது. கிழவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வரப்போகிறது... டக்கென்று சமையல் எண்ணெய்!

இதில் என் சித்தப்பா வேறு. "ஏம்ப்பா, மத்த பழைய படமெல்லாம் பாதி ஸ்கிரீன் காலியா வருது, இது ஒண்ணுதான் நல்லா நிறைஞ்சு தெரியுது." இவரை மாதிரி ஆட்கள் புகார் கொடுத்துத்தான் அவனும் கத்தரியைத் தூக்குகிறான். சித்தப்பாவிடம் சண்டை போட முடியுமா? வாயை மூடிக்கொண்டேன்.

சரி, வெட்டியே தீருவீர்கள் என்றால் வெட்டுங்கள். படம் தொடங்குமுன் 'ஓரங்கள் நறுக்கப்பட்டவை' என்று ஒரு வரியாவது போடுங்கள். வயது வரம்பு, ரத்தம், கெட்ட வார்த்தை எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை போடத் தெரிகிறதல்லவா?